வெப்பமூட்டும் வழி: ஏதுமில்லை

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பழக்கடை மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் சுபஸ்ரீ ஏழு மாதமாக ஓர் ஊரைப் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஏதோ ஏரிக்கரையில் இருக்கும் நடுத்தரமான ஊர். அங்கே யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அறிய அந்த ஊர் நகராட்சி வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்திருந்தது. கையால் நிரப்பிய படிவங்களின் படங்கள் இவள் திரைக்கு வரும். பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனம். டயர் கம்பெனி மூடியபிறகு ஆஸ்பத்திரியையும் கல்லூரியையும் நம்பித்தான் பாதிப் பேர். இளவட்டங்கள் கிளம்பிவிட்டார்கள், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் வயதானவர் தனியாக. அவள் பிறந்த ஆடலூரிலும் அதே கதைதான், மிளகு காய்க்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. அதனாலோ என்னவோ, நடுங்கும் கையெழுத்து வந்தால் அவள் அவசரப்பட மாட்டாள். எதிரே உட்கார்ந்து ஒருவர் மெதுவாகப் பேசுவதைக் கேட்பதுபோல எழுத்தெழுத்தாகப் படிப்பாள்.

ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது, டாக்சி ஓட்டும் அவள் புருஷன் பழனிக்குமார் முந்தின நாள் சவாரியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான். அமெரிக்காவிலிருந்து வந்த தம்பதியைத் தூண் பாறைக்குக் கூட்டிப்போயிருந்தான்.

"ரெண்டு பேரும் அரைக்கைச் சட்டையோட நிக்கிறாங்க புள்ள. நானு குல்லா, மப்ளர்னு கரடி கணக்கா நிக்கேன். என்னையப் பாத்து ஒரே சிரிப்பு. இதெல்லாம் ஒரு குளிரான்னாக. அவக ஊருல இப்ப வீட்டுக்குள்ள சூடு போடுற மெஷின் நின்னுபோச்சுன்னா குழாய்த் தண்ணி கல்லாயிருமாம். வயசான ஆளுக ரெண்டு ராத்திரி தாங்க மாட்டாகளாம்."

நாலு நாளுக்கு முன் பார்த்த ஒரு படிவம் அவள் கண்முன் வந்தது. பெண், வயது எண்பத்தொன்று, தனியாக வசிக்கிறார், வண்டி இல்லை. 'வீட்டை வெப்பமூட்டும் வழி' என்ற கேள்விக்கு 'ஏதுமில்லை' என்ற கட்டத்தில் பேனாக் கோடு. கணினி அதை மஞ்சளாக்கி, சரிதானா என்று கேட்டது. சரிதான் என்று அழுத்தியவள் சுபஸ்ரீ. கொடைக்கானலில் எந்த வீட்டில் அப்படி ஒரு வழி இருக்கிறது? எரிக்கிற விறகெல்லாம் சோற்றுக்கும் வெந்நீருக்கும்தான், குளிருக்குக் கம்பளி. கட்டத்துக்கு வெளியே பென்சிலில் ஒரு வரியும் இருந்தது. மூன்றாம் தேதியிலிருந்து மெஷின் ஓடவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்குகிறேன், பரவாயில்லை. கட்டத்துக்கு வெளியே இருப்பதைத் தட்டச்சு செய்யக் கூடாது என்பது விதி. தானும் ஸ்வெட்டரோடு தூங்குகிறவள்தானே என்று நினைத்து, அந்த வரியைப் பார்த்து அவள் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பஸ்ஸுக்குக் காத்திராமல் புருஷனின் டாக்சியிலேயே வெரசாகப் போய் இறங்கினாள். மேற்பார்வையாளர் குமரகுரு பழனிக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையக் கேலி. அவள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, படிவத்தில் படித்ததை வெளியே பேசுவதே குற்றம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அனுப்பி முடித்த படிவக் கட்டைத் திறந்தால் தவறு அவள் பெயரில் ஏறும். ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மூன்று ஆனால் மார்ச்சில் வேலை நிரந்தரமாகாது.

"நம்ம சோலி டைப் அடிக்கிறதும்மா. ஊரைக் காக்குற சோலிக்குப் பழனி மல மேல ஒருத்தன் தண்டத்தோட நிக்கான்."

"நிக்காருங்க சார். ஆனா அந்தப் படிவத்த எங்கிட்டத்தான அனுப்பியிருக்காரு."

குமரகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவேளை யாராவது மெஷினைச் சரிசெய்திருக்கலாம், மகனோ மகளோ வந்து அழைத்துப் போயிருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றாள் இவளும். அப்படியிருந்தால் தன் வேலை போனதோடு போகட்டும், அதைவிட நல்ல சேதி வேறென்ன என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. நகராட்சிக்கு எழுதும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். பூட்டிய கட்டைத் திறந்து, படிவ எண்ணைப் பார்த்து, அந்தப் பென்சில் வரியை ஒரு சொல் விடாமல் கடிதத்தில் எழுதினார். அனுப்புமுன் கேட்டார்.

"தப்ப என் கணக்குல போட்டுக்கிறட்டா? எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ்தான் கெடக்கு."

"வேணாங்க சார். சரின்னு அமுக்குனது நான்தான். என் பேருலயே இருக்கட்டும்."

அவர் தலையசைத்துவிட்டுக் கடிதத்தை அனுப்பினார். அன்று முழுதும் அவளைக் கேலி செய்யவில்லை. மதியம் தன் டப்பாவிலிருந்த எலுமிச்சம் சோற்றில் பாதியை, கேட்காமலே அவள் மூடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. தகவலுக்கு நன்றி, அந்த முகவரிக்கு ஆள் அனுப்புகிறோம். அவ்வளவுதான். வியாழன், வெள்ளி ஒன்றுமில்லை. படிவத்தில் உள்ளவரைப் பற்றி வெளியாருக்குச் சொல்ல அவர்களுக்கும் விதி இடம் தராது என்றார் குமரகுரு. அவள் பெயருக்கு நேரே மூன்றாவது குறி ஏறியிருந்தது. அதைப் பார்த்தாள், புதுக் கட்டைத் திறந்தாள். நடுங்கும் கையெழுத்து ஒவ்வொன்றிலும் இப்போது கட்டத்துக்கு வெளியேயும் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"பேரு தெரியாதுங்க சாமி. எண்பத்தோரு வயசு. பொம்பளையாளு. தனியா இருக்காக."

"எந்த ஊரும்மா?"

"ரொம்பக் குளிரான ஊருங்க."

குருக்கள், பெயர் தெரியாவிட்டால் சாமி பேருக்கே பண்ணலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி மந்திரத்தைத் தொடங்கினார். பூ ஒவ்வொன்றாக விழுந்தது.

வெளியே வந்து பிராகாரத்தின் ஓரத்துக்குப் போனாள். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். இன்று ஒரே வெள்ளை மூட்டம். சுற்றுலா வந்த பத்துப் பதினைந்து பேர் செல்போனைக் கையில் பிடித்தபடி, அந்த வெள்ளைக்குள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், ஆனால் யாரும் கிளம்பிப்போகாமல் காத்து நின்றார்கள். சுபஸ்ரீயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நின்றாள்.