சத்தமே வராத மோட்டார்

அந்த மோட்டாரை மாட்டிய அன்றே அவள் சொல்லிவிட்டாள், சத்தம் வருகிறது என்று. கணவன் மீன் தொட்டிக்கு முன்னால் போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கேட்டுப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவனைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் இராத்திரி டூட்டிதான். ஊரெல்லாம் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வீடு வந்து, குளித்து, கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு பின்னறையில் போய் விழுவாள். ஜன்னலுக்குக் கனத்த திரை, கதவிடுக்கில் சுருட்டி வைத்த துண்டு, எல்லாம் உண்டு. ஆனால் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். சுவரை ஒட்டி அவன் ஆசை ஆசையாக வளர்க்கும் மீன் தொட்டி.

தொட்டி என்றால் இரண்டு தொட்டி. மேலே மீன்கள் நீந்துகிற பெரிய கண்ணாடித் தொட்டி. அதைத் தாங்கும் மர அலமாரிக்குள், வடிகட்டிகள் வைத்த சின்னத் தொட்டி. மேல்தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தானே கீழே இறங்கும்; சுத்தமானதும் மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றிவிடும். பழைய மோட்டார் இருக்கிற இடம் தெரியாமல் உழைத்தது. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் செத்தும் போனது.

புதியதை வாங்கக் கணவனுக்குத் துணை போனவன் அவன் நண்பன். எதைக் கேட்டாலும் லிட்டர் கணக்கில் பதில் சொல்வதால் அவனுக்குப் பெயரே லிட்டர்தான்.

"மணிக்கு ஆறாயிரம் லிட்டர் மச்சி! வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்கு" என்றான் லிட்டர். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'சத்தமே வராது' என்று வேறு போட்டிருந்தது. இரண்டு பேரும் கூடிப் பேசி, மெல்லிய பழைய குழாயையும் கழற்றி எறிந்துவிட்டு, தடிமனான புதுக் குழாயை மாட்டினார்கள். வேலை முடிந்ததும் மார்பைத் தட்டிக்கொள்ளாத குறை.

கூடத்தில் நின்றால் உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் தெரியாது. டிவி ஓடும், மின்விசிறி சுற்றும், தெருவில் வண்டிகள் போகும். ஆனால் பின்னறையில் தலையணையில் தலை வைத்தால், சுவருக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு 'ம்ம்ம்ம்' கட்டில் சட்டம் வழியாக ஏறி, பல்லுக்குள் வந்து உட்காரும். நடுநடுவே, இறங்குகிற குழாய் 'களக்' என்று தண்ணீரை விழுங்கும். தூக்கம் வரும் போல இருக்கும். களக். போய்விடும்.

அவள் மறுபடி சொன்னாள். "பழகிடும்" என்றான். இன்னொரு நாள் சொன்னாள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு வாங்கி வந்து தந்தான். சத்தம் காது வழியாக வரவில்லை, எலும்பு வழியாக வருகிறது என்று அவள் விளக்கினாள். "எலும்பு வழியாவா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

ஒருமுறை அவள் தலைவலி தாங்காமல் எழுந்து வந்தபோது, அவன் தண்ணீர் ஏறுகிற குழாயின் வால்வை முக்கால்வாசி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குறைந்தது. முனகலோடு ஒரு சீறலும் சேர்ந்துகொண்டது.

"இப்ப எப்படி?"

"இப்ப ரெண்டு சத்தம்."

"உனக்கு மனசுல அது பதிஞ்சுபோச்சு. அதான் கேக்குது."

அவள் அறைக்குத் திரும்பினாள். பேசினால் வார்த்தை வேறு மாதிரி வந்துவிடும் என்று பயந்தாள். போகும்போது அவள் கண்ணில் பட்டது இன்னொன்று. நான்கு ஏஞ்சல் மீன்களும், சாவகாசமாக நடுத்தொட்டியில் மிதக்கிற ஜாதி, இத்தனை நாள் அடித்த தண்ணீரின் தள்ளலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் தொட்டிக்குள் போட்டிருந்த மரக்கட்டைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றன.

அடுத்து நடந்ததுதான் அவளை உலுக்கிவிட்டது. டூட்டி முடியப்போகிற விடியற்காலை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு கட்டிலருகே போனாள். படுத்திருந்த அம்மாள் கையை நீட்டிவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டாள்:

"என்ன சிஸ்டர், எனக்கு ஊசி நிறுத்தியாச்சுன்னு டாக்டர் சொன்னாரே?"

அவள் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். கையிலிருந்தது பக்கத்துக் கட்டில்காரிக்கு உரிய மருந்து. அந்த அம்மாளின் உடம்புக்கு ஆகவே ஆகாத மருந்து. ஊசியை மூடித் தட்டில் வைத்தாள். "தப்பா வந்துட்டேம்மா" என்று எப்படியோ சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

தலைமை நர்ஸிடம் அவளே போய் நடந்ததைச் சொன்னாள். தலைமை நர்ஸ் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "இத்தனை வருஷத்துல நீ இப்படிப் பண்ணினதே இல்லையே. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டார்.

என்ன சொல்வாள்? மீன் தொட்டி மோட்டார் என்றா? "தூக்கம் சரியில்ல மேடம்" என்றாள். பஸ்ஸில் வரும்போது அவமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாகத் திரிந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவமானம் துளியும் மிச்சமில்லை.

அன்று கணவனுக்கு லீவு நாள். கூடத்தில் அவனும் லிட்டரும் ஆளுக்கொரு காபியோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க சிஸ்டர்" என்றான் லிட்டர். "பாத்தீங்களா, தண்ணி என்னமா ஓடுது!"

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகப் போய் அலமாரிக் கதவைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கினாள்.

முனகல் நின்றது. வீடே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. மேலே ஏற்றுகிற குழாய் வழியாகவே மேல்தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. கீழ்த்தொட்டி விளிம்பு வரை நிரம்பி, அலமாரியிலிருந்து வழிந்து, தரையில் பரவி, லிட்டரின் காலை நனைத்தது.

"ஐயோ! யாரு உன்னைப் புடுங்கச் சொன்னது?" கணவன் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். "மீனெல்லாம் செத்துப்போயிடும்! அறிவில்ல?"

"அறிவா? கரண்ட் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப? இதேதான ஆகியிருக்கும்?"

அவன் குழாயைப் பிடித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான். கேள்விக்காக மட்டுமல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்று சொன்னதில்லை.

லிட்டர் பழைய துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தான். "பழைய குழாயில தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு மச்சி. கொஞ்சம் இறங்கினதும் அது வழியா காத்து புகுந்து நின்னுடும். புதுக் குழாயில... விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா?" என்றாள் அவள். "எனக்கும் இன்னிக்கு விட்டுப்போச்சு. ஒரு பொம்பளையைக் கொன்னிருப்பேன்."

ஊசி விஷயத்தைச் சொன்னாள். குரல் உயரவே இல்லை. சொல்லி முடித்ததும் லிட்டர் துணியைப் பிழிந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான் கணவன்.

"சொன்னேனே. எத்தனை தடவை சொன்னேன்?" பிளக்கை மறுபடி செருகினாள். "வா. வந்து படு."

"எங்க?"

"என் கட்டில்ல."

திரையை இழுத்துவிட்டாள். கதவை வெளியிலிருந்து சாத்தினாள். கூடத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண் எரிந்தது. ஆனாலும் தூங்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். உள்ளே முதலில் புரளுகிற சத்தம். பிறகு தலையணையைத் தட்டுகிற சத்தம். பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துகிற சத்தம்.

அவன் வெளியே வந்தபோது பேயறைந்தவன் போல இருந்தான்.

"வருது" என்றான்.

"என்ன வருது?"

"சத்தம். பல்லு கூசுது."

அவன் ஒத்துக்கொண்டால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னபோது இல்லாத சத்தம், அவன் படுத்ததும் வந்துவிட்டது.

"செருப்பைப் போடுங்க. கடைக்குப் போலாம்."

"நீ தூங்கு, நான் போய்..."

"போன தடவை நீங்கதான் போனீங்க."

மீன் கடையில் சுவர் முழுக்கத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குமிழி விட்டது, உறுமியது, சொட்டியது. அங்கே லாரியை ஓட்டினாலும் சத்தம் வராது என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் அவள் கணவனைப் பார்த்து, "சொல்லுங்க சார், எத்தனை லிட்டர்?" என்றார்.

"என்கிட்ட பேசுங்க" என்றாள் அவள். "பெட்டியில போட்டிருக்கிற லிட்டர் எந்த உயரத்துக்கு?"

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அது உயரமே இல்லாம, சும்மா தள்ளும்போது மேடம். மேல ஏத்த ஏத்தக் குறையும்."

"எங்க வீட்டுல இவ்வளவு ஏறணும்." தரையிலிருந்து தன் தோள் வரை கையால் காட்டினாள். "தொட்டி முந்நூறு லிட்டர். ஏஞ்சல் மீன். அதுங்களை அடிச்சுத் தள்ளக்கூடாது."

"அப்ப உங்களுக்கு ஆறாயிரம் எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மீன் தீனி டப்பா ஒன்றை எடுத்து மும்முரமாகப் படிக்கத் தொடங்கினான். டிரிப்ஸை வேகமாக ஏற்றினால் நல்லது என்று யாராவது சொல்வார்களா? உடம்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. இதைப் புரிந்துகொள்ள இத்தனை நாள் ஆனது பாரு.

கடைக்காரர் மூன்று மோட்டார்களை எடுத்து வைத்தார். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த கோட்டுப் படத்தில், தங்கள் உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவள் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்று போதாது. ஒன்று தேவைக்கு மேலே. மூன்றாவதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பெட்டி இருந்தது. முழு வேகத்தில் ஓட்டாமல் பாதிக்குச் சற்று மேலே வைத்தாலே போதும். வால்வை மூடி நெரிக்க வேண்டியதில்லை.

"இதை ஓட்டிக் காட்டுங்க. இங்க இல்ல, அந்த உள்ரூம்ல."

சாமான் அறையில், இரும்பு அலமாரித் தட்டில் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்து ஓட்டினார்கள். கதவைச் சாத்தச் சொன்னாள். தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடினாள். மெல்லிய அதிர்வு இருந்தது. மோட்டாருக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் துண்டை வைக்கச் சொல்லி மறுபடி தொட்டாள். இல்லை.

"வேணும்னா நீங்களும் தொட்டுப் பாருங்க" என்றாள் கணவனிடம். அவன் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து அவனேதான் எல்லாம் செய்தான். கண்ணாடியில் மோட்டார் படாமல் ஸ்பாஞ்ச் மேல் உட்கார வைத்தான். குழாயின் முதல் துண்டுக்கு வளைகிற ரப்பர் குழாய் போட்டான். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சின்னதாக ஓட்டை போட்டான். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தான். கொஞ்சம் இறங்கியது, நின்றது. அலமாரி சுவரில் படாதபடி இடுக்கில் ஸ்பாஞ்ச் துண்டுகளைச் செருகினான். தண்ணீர் அளவாக ஏறியதும் குழாயின் 'களக்'கும் அடங்கிவிட்டது.

அவள் போய்ப் படுத்தாள். சுவர் சுவராக மட்டும் இருந்தது.

எழுந்தபோது திரையின் ஓரத்து வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. கூடத்தில் அவன் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"அப்ப கோபம் போச்சா?"

அவன் முகத்தில் அசடு வழிந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"இல்ல" என்றாள். "மோட்டார் சரியாயிடுச்சு. நான் சொன்னப்ப நீங்க சிரிச்சீங்களே, அது இன்னும் சரியாகல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு நான் வயிறு வலிக்குதுன்னு சொன்னா, அதையும் நீங்க படுத்துப் பாத்துட்டுத்தான் நம்புவீங்களா?"

"தப்புதான்" என்றான் அவன். சால்ஜாப்பு எதுவும் சேர்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள். ஆனாலும் மன்னித்துவிட்டதாகச் சொல்ல வாய் வரவில்லை. வராததை வரவழைத்துச் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

சமையலறையில் அவன் வைத்திருந்த காபியைக் குடித்தாள். சர்க்கரை அதிகம். சொன்னாள்.

"அதிகமாவா இருக்கு?" என்று வாய் வரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். "சரி, வேற போடறேன்" என்றான்.

அவள் யூனிஃபாரத்தை இஸ்திரி போட எடுத்தாள்.