கொழுந்துக்கு இன்று எத்தனையாம் நாள்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல, திருடியது. கம்பம் ஊரில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துப் பெஞ்சில், பக்கத்து ஆளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். (என் பூனைக்குக் காதில் புண். அதற்கு இந்தக் கதையில் இடமில்லை.) அது திராட்சைக்கு மருந்தடிக்கும் நாட்களைக் குறித்து வைத்த நோட்டு. பூஞ்சை மருந்துகளுக்கு நடுவே ஒரு வரி: ‘45ஆம் நாள் – நாய்க்கு ஊசி.’

மீதியைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் சொன்னார்கள். சொல்லாததை நான் சேர்த்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘சுருளி மலையிலிருந்து இறங்கிய பனி, காமயகவுண்டன்பட்டியை…’

வேண்டாம். பனிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் தொடக்கம்: ‘சுருளிராஜன் ஒரு முட்டாள்.’

அடித்துவிட்டேன். ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சையில் வருடம் மூன்று வெள்ளாமை எடுக்கிறவன் அந்த நோட்டுக்காரன். தொட்டிச் செடியைக்கூடக் காயவிட்ட எனக்கு அப்படி எழுத என்ன யோக்கியதை?

அவன் பிழை வேறு. திராட்சைக்காரனுக்குக் காலமே கவாத்திலிருந்துதான் தொடங்கும். கொடியை வெட்டிவிட்ட நாள்தான் முதல் நாள். எந்த மருந்து, எப்போது பூ, எப்போது பழம், எல்லாம் அதிலிருந்து எண்ணுவதுதான். இந்தத் தடவை கவாத்து முடிந்த அன்று மச்சினன் ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்து விட்டான். பெண்டாட்டி ஹேமாவதி அதற்குக் கொழுந்து என்று பேர் வைத்தாள். கம்பத்து நாய் டாக்டர் ஜெஸ்லின் போனில், “நாப்பத்தஞ்சாம் நாள் முதல் ஊசி” என்றார். சுருளிராஜன் பயபக்தியோடு நோட்டில் ஏற்றிக்கொண்டான்.

3

செலவு. (அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஹேமாவதி தாண்டவில்லை.)

ஊசி தவணைக்கு அறுநூறு, மூன்று தவணை. வெறிநாய்க்கடிக்குத் தனி ஊசி. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. அப்புறம் வருடா வருடம்.

“செலவெல்லாம் சரித்தா. வரவ எங்கன எழுதுறது?” என்றான் சுருளிராஜன்.

“வாசலுக்கு நேரா ஒரு கொடி நிக்கிதுல்ல? அதுல காய்க்கிறது கொழுந்துக்குன்னு விட்ருவோம். வருசத்துக்கு மூணு அறுப்பு, மூணு ஊசி.”

சொன்ன கையோடு அந்தக் கொடியில் சிவப்பு ரிப்பனும் கட்டினாள். முதல் ஊசி அறுப்புக்கு முன்னாலேயே வருமே? அதற்கு, வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்றச் சேர்த்திருந்த பணத்தை எடுத்து வைத்தாள். வருடம் தவறாமல் ராட்டினம் ஏறுகிறவள் அவள். எனக்கு இவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

4

கவாத்து முடிந்து இருபதாம் நாள். இரண்டு வீடு தள்ளி வீரணனின் குட்டி ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. அதுவும் கொழுந்தும் முந்தின நாள்வரை கட்டிப் புரண்டவை.

“ஏங்க, ஊசி போட்டா இந்த நோவு வராதுன்னுதான டாக்டரம்மா சொன்னாக?”

“அதுக்கு இன்னும் இருவத்தஞ்சு நாள் கெடக்குத்தா.”

ஹேமாவதி நோட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“இது பொறந்தது என்னைக்கு?”

“கவாத்து அன்னைக்…”

“கவாத்து அன்னைக்கு அது பல்லோட வந்துச்சு! வந்த அன்னைக்கே ஒங்க செருப்பத் தின்னுச்சு!”

மச்சினனுக்குப் போன் போட்டார்கள். வரும்போதே நாற்பது நாள் குட்டி என்றான். இருபதைக் கூட்டினால் அறுபது. டாக்டர் சொன்ன நாள் தாண்டிப் பதினைந்து நாள் ஆகிவிட்டது என்று இருவரும் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு ஓடினார்கள்.

5

ஜெஸ்லின் காய்ச்சல் பார்த்தார்.

“இப்ப காய்ச்சல் இல்ல, ஊசி போட்றேன். ஆனா ஏற்கெனவே தொத்தியிருந்தா ஊசி காப்பாத்தும்னு சொல்ல மாட்டேன். பதினாலு நாள் வீட்டுக்குள்ளயே வச்சுப் பாருங்க.”

“எம் புத்தியச் செருப்பால அடிக்கணும் டாக்டரம்மா.” சுருளிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதத்தான் இது தின்னுபுருச்சே” என்றாள் ஹேமாவதி.

பெஞ்சில் இருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பூனை முறைத்தது. அப்படித்தான் பழக்கமாகி, போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

6

முடிவு ஒன்று: ‘பன்னிரண்டாம் நாள் காலையில் கொழுந்து கஞ்சியை…’

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

முடிவு இரண்டு: ராட்டினத்தின் உச்சியில் ஹேமாவதி, மடியில் கொழுந்து. (நாயை ஏற்றவிட மாட்டார்கள். அடித்தல்.)

சுருளிராஜன் நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறான்: ‘ஊசி – 1ஆம் நாள்.’ நேற்று ஒன்பதாம் நாள். போன் போட்டு விசாரித்தேன்.

“புதுச் செருப்பும் போச்சு சார்!” என்றான். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் செருப்பைப் பறிகொடுத்து நான் கேட்டதில்லை.

மிச்சம் ஐந்து நாள். எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்தை உங்களிடம் தருகிறேன்:

10.
11.
12.
13.
14.

ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் கடிபட்ட செருப்பு ஒன்றை எழுதிவிடுங்கள்.