கொதிக்காமல் வந்த குமிழி

மன்னார்புரத்துக்கு வந்து அழகர்சாமி மெக்கானிக் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஆள் கொஞ்சம் முன்கோபி என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள். இரண்டும் உண்மைதான். பழைய கார்கள்தான் என் தொழில். கம்ப்யூட்டரைச் சொருகி வைத்தியம் பார்க்கும் வண்டிகளை நான் தொடுவதில்லை. பழைய வண்டிக்கு என் மூக்கே போதும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அப்புறம் கொரோனா வந்தது. சில நாள் படுக்கப்போட்டுவிட்டுப் போனது. போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் தெரியவில்லை, கருகிய ஆயிலும் தெரியவில்லை. வந்துவிடும் வந்துவிடும் என்றார் டாக்டர். வருஷங்கள் ஓடிவிட்டன, வரவில்லை.

இது என் மனைவி சுஜாவுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் எவன் என்னை நம்பி வண்டி விடுவான்? ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது என்று காலத்தை ஓட்டினேன். ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்ற சந்தேகத்தோடு வரும் வண்டிகளை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு கடைக்குத் தள்ளிவிடுவேன். எஞ்சினுக்கும் அதன்மேல் மூடிபோல உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தகடுதான் கேஸ்கட். அது எரிந்துபோனால் உள்ளே எரிகிற பெட்ரோல் புகை தண்ணீருக்குள் புகுந்துவிடும். முன்பெல்லாம் ரேடியேட்டர் வாயில் ஒருமுறை மோந்தால் எனக்குப் போதும். இப்போது குருட்டுத்தனமாக எஞ்சினைப் பிரித்து, உள்ளே கேஸ்கட் நல்லபடியாக இருந்தால்? அத்தோடு என் பேர் காலி. பேர் கெடுவதற்குமுன் கடையை மூடிவிட்டு எங்கேயாவது பஞ்சர் ஒட்டப் போய்விடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் சௌரிராஜன் சாமியின் கார் ஆவி கக்கிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மடத்தில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற சமையல்காரர். அண்டாவைத் தனியாளாக இறக்குகிற தோள். குரலும் அதற்கேற்ற குரல். கார், கார்புரேட்டர் காலத்து மூன்று சிலிண்டர் வெள்ளைக் கார்.

"தண்ணி குறையறது. ஆனா கீழே ஒரு சொட்டு இல்லை. காவேரிப் பாலம் ஏறினா சூட்டு முள்ளு மேலே போயிடறது. ஒருத்தன் ரேடியேட்டர் மூடிங்கறான், ஒருத்தன் வாட்டர் பம்புங்கறான், ஒருத்தன் கேஸ்கட்டுங்கறான். எஞ்சினைப் பிரிக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கோ."

"சாமி, இங்க வேலை நிறைய கிடக்கு. வேற கடையில..."

"வேற கடைக்கெல்லாம் போயிட்டுத்தான் இங்கே வரேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வண்டி நன்றாக ஆறியதும் மூடியைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் குனிந்து மோந்தேன். ஒன்றுமில்லை. ஏதோ புரிந்தவன்போலத் தலையை ஆட்டிவைத்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் வெளுத்துப்போயிருக்கும். அது சுத்தமாக இருந்தது. தண்ணீர் நிரப்பி, மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்தேன். குமிழி வந்தது. அதை வைத்தும் சட்டென்று சொல்லிவிட முடியாது. புதிதாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் இப்படித்தான் வெளியேறும். எனக்கு என் மேலேயே எரிச்சல். அதை அவர் மேல் காட்டினேன்.

"கொதிக்குது சாமி, தள்ளி நில்லுங்க!"

அவர் தள்ளிப் போகவில்லை. எழுந்து வந்து ரேடியேட்டர் வாயை உற்றுப் பார்த்தார்.

"இது கொதி இல்லை."

"நான் எத்தனை ரேடியேட்டர் பார்த்திருக்கேன்!"

"நான் எத்தனை அண்டா பார்த்திருக்கேன்!" என்றார். "கொதின்னா ஓரத்துல பொடியா ஆரம்பிக்கணும். அப்புறம் பெருசாகி நடுவுக்கு வரணும். இதுல இன்னும் சூடே ஏறலை. மாட்டிண்ட காத்துன்னா வரவர அடங்கணும். இது அடங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. உள்ளே யாரோ உக்காந்து ஊதற மாதிரி ஒரே சீரா வரது."

நானும் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. இத்தனை வருஷமாக மூக்கையே நம்பிக் கிடந்ததில் இதை நான் நின்று பார்த்ததே இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. ஊதுகிறவன் ஒரு சிலிண்டர் என்றால் அவன் வாயை அடைத்துப் பார்த்துவிடலாமே என்று பட்டது.

"சாமி, குமிழியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன். ஒயரைப் பிடுங்கினால் அந்தச் சிலிண்டரில் நெருப்பு விழாது. முதல் ஒயரைப் பிடுங்கினேன். வண்டி திணறியது. "வரது" என்றார். நடு ஒயரைப் பிடுங்கினேன்.

"நின்னுடுத்து!"

திரும்ப மாட்டினேன். "வந்துடுத்து."

பிறகு எதைத் தொடுகிறேன் என்று தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு, வரிசை மாற்றி மாற்றிப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் வண்டி ஒரே மாதிரிதான் திணறும். காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நடு ஒயர் என் கைக்கு வந்தபோதெல்லாம், அப்போது மட்டும், "நின்னுடுத்து" என்றார். ஒருதரம்கூடப் பிசகவில்லை. அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. மனுஷர் குமிழியைப் பார்க்கவில்லை, படித்தார்.

"பிரிக்கணும் சாமி. நடு சிலிண்டர்" என்றேன். அந்த மாதிரி அடித்துச் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது. சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி தூக்கமில்லை.

மறுநாள் மடத்துவேலை முடிந்ததும் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். போல்ட்டுகளைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினேன். கேஸ்கட்டை உரித்து வெயிலில் பிடித்தேன். நடு வட்டத்தின் ஓரத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டைவரை கரியாக ஒரு கோடு. அங்கேதான் எரிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் கூசுகிறதென்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவர் கேஸ்கட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்: "மூக்கு எப்போ போச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நேத்து நான் வரச்சே உங்க காலடியில ஏதோ ஒயர் கருகிண்டு கிடந்தது. தெருவே நாறித்து. நீங்க திரும்பக்கூட இல்லை."

"தெரிஞ்சுமா சாமி வண்டியை விட்டீங்க?"

"நான் தளிகை பண்றச்சே வாயையும் மூக்கையும் துணியால கட்டிண்டுதான் அடுப்புக்கு முன்னாடி நிக்கறேன். பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி ருசி பார்க்கப்படாது, மோந்தும் பார்க்கப்படாது. கண்ணையும் கையையும் வச்சுண்டு நான் பண்றதைப் பெருமாளே ஏத்துக்கறார். என் காருக்கு மட்டும் மூக்கு வேணுமா?"

கரிக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம், சுஜாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை, பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னேன்.

"கொரோனாவில போச்சு சாமி. எனக்கு வாசனையே தெரியாது."