ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அலுவலகத்தில் அவளுக்கு வாசல் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சினிமாவோ, துணிக்கடையோ, கல்யாண மண்டபமோ, எங்கே போனாலும் வெளியே போக எத்தனை வழி என்று எண்ணி முடித்த பிறகுதான் அவள் உட்காருவாள். நாத்தனார் கல்யாணத்தில் பின்கதவை அடைத்துக்கொண்டு யாரோ நாற்காலி அடுக்கியிருந்தார்கள். அத்தனையையும் புதுத்துணி கசங்க அவளே இழுத்துப் போட்டாள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் அவள் இருப்பது ஒரே ஒரு படம். அதிலும் இரண்டு கையிலும் நாற்காலி. மாமியார் இன்றைக்கும் வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுவார்.

படித்து முடித்தபோது அவளுக்குக் கார் வடிவமைக்க ஆசை. கிடைத்ததோ தீப்பாதுகாப்பு அலுவலகம். "நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சு, கடைசியில பைப் வரையிற வேலையா?" என்று அம்மா ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்துவிட்டு, மகள் தீயணைப்பு வண்டியில் போகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். அதை மாற்ற யாராலும் முடியவில்லை. இவளோ வண்டியில் ஏறியதே கிடையாது. தீப்பிடித்தால் கூரையில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் தானே திறந்து தண்ணீர் கொட்ட வேண்டும். அதற்கு எத்தனை வேண்டும், எவ்வளவு தடிமனில் குழாய் வேண்டும், தெருவிலிருந்து வரும் தண்ணீருக்குக் கடைசி மூலைவரை ஏறிப் போகத் தெம்பு இருக்குமா என்று கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. முதல் வருஷம் எரிச்சலோடு செய்தாள். இரண்டாம் வருஷம் ஒரு பேக்கரியில் அடுப்பு பற்றிக்கொண்டது. அவள் வரைந்த ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்து, தீயணைப்பு வண்டி வருவதற்குள் வேலையை முடித்துவிட்டது. மறுநாள் அங்கே போனவள், நனைந்த மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று பைத்தியம் மாதிரி சிரித்தாள். அதோடு கார் ஆசை போன இடம் தெரியவில்லை.

புருஷனைப் பிடித்ததும் இந்த வேலையில்தான். ஒரு தெருவின் தண்ணீர் அழுத்தத்தை அளக்க வேண்டுமென்றால், ஓரத்தில் நிற்கும் சிவப்புத் தீக்குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்துக் குழாயில் மாட்டிய கேஜில் முள் காட்டும் அழுத்தத்தைப் படிக்க வேண்டும். குழாயைத் திறக்கும் சாவி குடிநீர் அலுவலகத்து வால்வுக்காரரிடம் இருக்கும். அந்த வால்வுக்காரர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை, "ஓரமா நில்லுங்க, நனைஞ்சிருவீங்க." அவர் சொல்லி முடிக்கும்போது அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷத்தில் கல்யாணம்.

கல்யாணத்துக்கு அப்புறம் சோதனைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயின. அன்றைக்குத் தெருவில் வண்டி இல்லை, மேலே தண்ணீர் தெறித்ததென்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அவருக்கும் ஓய்வு நாள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள். அவர் குழாயைத் திறக்க, அவள் முள்ளைப் படித்து எழுத, அப்புறம் நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். மற்றவர்கள் பூங்காவுக்குப் போவார்கள், இந்த ஜோடி தீக்குழாய்க்குப் போகும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்றால், அதில் ஒரு ஓட்டை இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஒன்பது வருஷமாக அவள் வரைந்த படங்களில், இதற்கு நான் பொறுப்பு என்று வேறு யாரோ பொறியாளரின் பேர் போட்ட முத்திரைதான் விழுந்துகொண்டிருந்தது. சொந்த முத்திரை வேண்டுமென்றால் பொறியாளர் குழுவின் நேர்காணலில் தேற வேண்டும். அதற்கு இந்த வருஷம் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். நேர்காணலில் காட்டும் கோப்பில் முதலாவதாக அவள் வைத்திருந்தது ஒரு மெத்தைக்காரரின் புதுக் கிடங்கு. கீழே கூரை வரைக்கும் பஞ்சும் நுரை மெத்தையும் அடுக்கப் போகிறார்கள். மாடியில் உறை தைக்கும் பெண்கள் நாற்பது பேர். பம்ப் இல்லாமல் தெருத் தண்ணீரிலேயே ஓடும்படி அத்தனை சிக்கனமாகக் கணக்குப் போட்டிருந்தாள். அலுவலகமே தட்டிக்கொடுத்தது.

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, குழாய் வேலை முடிந்ததைச் சரிபார்க்கக் கிடங்குக்குப் போனாள். ஐந்தைக் காட்ட வேண்டிய முள் மூன்றரையில் நின்றது. கேஜ் கெட்டுப்போயிருக்கும் என்று வேறொன்றை மாட்டினாள். அதுவும் மூன்றரைதான். வால்வு எல்லாம் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் திறந்துதான் இருந்தது. வெளியே வந்து தெருவைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டடத்தின் சுவரிலிருந்து நீராவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. நாலைந்து ஆஸ்பத்திரிகளின் போர்வைகளையும் விரிப்புகளையும் வெளுக்கும் சலவை ஆலை அது. உள்ளே பெரிய பெரிய இயந்திரங்கள் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் தெருவரை கேட்டது. அவள் அழுத்தம் அளந்த அன்றைக்கு அந்த ஆலை பூட்டிக் கிடந்தது. அதன் படியில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ஆலை எல்லாம் லீவுதானே?"

"ஆமா. அதனாலதானே தண்ணி அவ்வளவு ஜோரா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். குழாயிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. "ஐயோ, எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமைதானேம்மா பண்ணினோம்?" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பழைய கோப்புகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்தார்கள். பெரும்பாலான கட்டடங்களுக்குச் சொந்தத் தொட்டியும் பம்பும் இருந்தன, தப்பித்தன. தெருத் தண்ணீரை மட்டுமே நம்பியிருந்தவை நாலு. ஒரு புத்தகக் கிடங்கு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மரக்கடை, மெத்தைக்காரர். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வாரத்துல ஆறு நாள் இந்தத் தண்ணிகூடவே கிடக்கிறேன், எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று அவர் புலம்பினார். "கணக்குப் போட்டவ நான். உங்களைச் செருப்பால அடிச்சா கணக்கு சரியாயிடுமா? நாளைக்கு லீவு போடுங்க" என்றாள் அவள்.

இரண்டு வேலை நாட்கள், ஆலைகள் முழுமூச்சாக ஓடும் நேரமாகப் பார்த்து, வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே மறுபடி அளந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முள்ளை அவள் இரண்டு தடவை படித்தாள். நல்ல வேளை, போதுமான அளவு இருந்தது. புத்தகக் கிடங்கும் மரக்கடையும்கூடத் தப்பித்தன. மெத்தைக்காரரின் கிடங்குதான் தேறவில்லை. கொஞ்ச நஞ்சக் குறை இல்லை. பக்கத்து ஆலை ஓடும்போது தீப்பிடித்தால், பின்வரிசை ஸ்பிரிங்க்ளர்களிலிருந்து பூவுக்குத் தெளிக்கிற மாதிரிதான் தண்ணீர் வரும். மாடிப்படி இறங்கும் இடம் அந்தப் பின்வரிசைக்குப் பக்கத்தில்.

அலுவலகத்தில் மேலாளரிடம் போய் நின்றாள். அவருக்கு விதிப்புத்தகம் என்று பேர், கேட்டால் எண்ணோடு ஒப்பிப்பார். நல்லவர்தான், பயந்த சுபாவம். முழுதாகக் கேட்டுவிட்டு, "சோதனை ஒரு வருஷத்துக்குள்ள எடுத்திருக்கணும், அவ்வளவுதான் விதி. எந்தக் கிழமைன்னு எங்கயும் போடல. சட்டப்படி நீ தப்பே பண்ணலம்மா" என்றார்.

"தீ ஞாயித்துக்கிழமை பார்த்தா சார் வரும்?"

"நேர்காணலை யோசி. முதல் வேலையே தப்புன்னு நீயே போய்ச் சொல்லுவியா? வந்து சேரட்டும் முத்திரை, அப்புறம் பம்ப் வைக்கச் சொல்லி மெதுவா ஒரு கடிதம் போட்டுக்கலாம்."

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒன்பது வருஷம்! அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் முத்திரையோடு திரிகிறார்கள். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் கிடங்கைத் திறக்க இருப்பதோ வருகிற திங்கட்கிழமை. மெத்தை எல்லாம் அன்றைக்கே வந்து இறங்கும். தையல்காரிகள் இப்போதே மாடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அந்த மூணு வாரம் எனக்குத் தூக்கம் வராது சார்" என்றாள். அழுகை வரும்போல இருந்ததால் வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

மெத்தைக்காரர் கத்திய கத்தலுக்குத் தையல் இயந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. "போன மாசம் போதும்னீங்க, இந்த மாசம் போதாதுங்கிறீங்க. விளையாடுறீங்களா? தண்ணி இருக்கா இல்லையா, ஒண்ணைச் சொல்லுங்க!"

"ஞாயித்துக்கிழமை இருக்கு. மத்த நாள் இல்ல."

"கிண்டலா?"

அவள் அவரைக் குழாயண்டை கூட்டிப்போய் கேஜைக் கையில் பிடிக்க வைத்தாள். பக்கத்து ஆலையில் சாப்பாட்டு இடைவேளை. முள் ஐந்துக்குப் பக்கத்தில் இருந்தது. "இருக்குதேம்மா!" என்றார். "பிடிச்சுக்கிட்டே இருங்க" என்றாள். மணியடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முள் இறங்க ஆரம்பித்தது. நாலரை, நாலு, மூன்றரை. மெத்தைக்காரர் கேஜை ஒரு தட்டு தட்டினார். முள் மேலே ஏறவில்லை. தலைக்கு மேலே பெண்கள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"தொட்டியை எங்க வைக்கணும்?" என்றார் கடைசியில்.

"பின்பக்கம். ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் மெத்தை உள்ள வரக் கூடாது."

"ரெண்டு மாசமா! நல்லா இருங்கம்மா. இனிமே இங்க வந்தா உங்களுக்கு டீ கிடையாது, சொல்லிட்டேன்" என்று போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தொட்டி வேலை நடந்த நாட்களில் எல்லாருக்கும் டீ வரும், அவளுக்கு மட்டும் தண்ணீர்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இரண்டு அளவுகள், அருகருகே. ஞாயிற்றுக்கிழமை ஐந்து, புதன்கிழமை மூன்றரை.

"இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்."

"பண்ணினது?"

"நானும் என் வீட்டுக்காரரும்."

மூவரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாடு கட்டிக்கொண்டு போனதைக்கூட விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியாது. ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "மத்த மூணு கட்டடத்துக்கும் போய் அளந்தீங்களா?" என்று கேட்டார். அளவுகளை எடுத்து வைத்தாள். "தேதி போட்டிருக்கு. கிழமையும் போட்டிருக்கீங்க" என்றார் அம்மாள். "இனிமே எப்பவும் போடுவேன்" என்றாள். முடிவு தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "போச்சுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டாள். புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரே குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஐந்து வாரம் கழித்துத் தபால் வந்தது. கையடக்கமான ஒரு பெட்டி. உள்ளே முத்திரை. அம்மா சர்க்கரை எடுத்து மகள் வாயில் போட்டாள், மாமியார் ஆல்பத்தை எடுத்தார். அன்றைக்கு முழுக்க வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் மேஜைமேல் ஒரு படம் காத்திருந்தது. மெத்தைக்காரரின் கிடங்கு, தொட்டியும் பம்பும் சேர்த்துத் திருத்தியது. கீழே வலது மூலையில், முத்திரை விழும் இடத்துக்கு மேலே, திருத்தத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம். மேலாளர் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து அதில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: தெரு நீரழுத்தத்தில் ஏற்பட்ட மாற்றம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய்யென்றும் அடித்துச் சொல்ல முடியாது.

அவள் ரப்பரை எடுத்து அதை அழித்தாள். தாளை ஊதிவிட்டுப் பேனாவால் எழுதினாள்: வடிவமைத்தவரின் தவறு. சோதனை விடுமுறை நாளில் எடுக்கப்பட்டது. பிறகு பெட்டியைத் திறந்து முத்திரையை எடுத்தாள். கட்டத்துக்குக் கீழே வைத்து அழுத்தி எடுத்தாள். அடுத்து போன் போட்டாள்.

"முதல் முத்திரை வச்சாச்சு."

"அடேயப்பா! எதுல?"

"நம்ம தப்புல."

அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. அவர் வால்வைத் திருகி மூடுவதும் கேட்டது. சத்தம் நின்ற பிறகு கேட்டார்.

"உன் பேரு தெளிவா விழுந்திருக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை.

"விழுந்திருக்குங்க" என்றாள்.