துப்பாக்கி அலமாரியின் சாவி

எங்கள் மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு திருகாணி போட்டு முடுக்கிய இரும்பு அலமாரியில், என் கணவர் எம்லினின் துப்பாக்கியும் பக்கத்துப் பண்ணை க்ளெனிஸின் துப்பாக்கியும் தோளுரசி நிற்கின்றன. புருஷன் போனபின் அவள் சக்கரம் வைத்த கேரவன் வீட்டில் இருக்கிறாள். அங்கே அலமாரி மாட்டச் சுவர் இல்லை. இருவருக்கும் உரிமம் உண்டு. எனக்கு இல்லை. உரிமம் இல்லாதவருக்குச் சாவி இருக்கும் இடம் தெரியக்கூடாது என்பது சட்டம்.

ஆட்டுக்கொட்டில் கழுவிவிட்டு முதுகு ஒடிய வருவேன். "நெஸ்டா, கொஞ்சம் வெளிய நில்லேன், சாவி எடுக்கணும்" என்பாள் க்ளெனிஸ். என் வீட்டில், என்னிடம்! மழையில் நிற்பேன். உள்ளே அவளும் எம்லினும் சிரிப்பது கேட்கும்.

உரிமம் புதுப்பிக்கப் போலீசிலிருந்து ஒருவர் வந்தார். அன்றும் க்ளெனிஸ் எம்லின் பக்கத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். அலமாரியை ஆட்டிப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் போதும், இரண்டு துப்பாக்கியும் அவர் வண்டியில் ஏறிவிடும். அவளும் இந்தப் பக்கம் வரமாட்டாள். ஆனால் நரி வந்தால் ஆட்டுக்குட்டிகள்?

"எனக்குத் தெரியாதுங்க. அவளுக்குத்தான் தெரியும். எனக்கும் ஒரு விண்ணப்பம் குடுங்க."

எம்லின் சிரித்தார். "முயல் செத்தாலே அழுவ. உனக்கெதுக்குத் துப்பாக்கி?"

"துப்பாக்கி யாருக்கு வேணும்? என் வீட்டுல சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

க்ளெனிஸ் எழுந்தாள்.

"என் துப்பாக்கிய வேற எடத்துக்கு மாத்திக்கறேன், நெஸ்டா."

"மாத்திக்கோ. டீயக் குடிச்சுட்டுப் போ," என்றேன்.