ஊட்டி வளர்த்த எலி

தன் செல் எது, அந்நிய செல் எது என்று உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை ஆராய்ந்தே தலை நரைத்தவர் அந்த விஞ்ஞானியம்மா. அடுத்த வாரம் அதற்கு விருது. இன்றைக்கென்று பார்த்து ஒரு பரிசோதனை முடிவு வந்தது. அவர் கண்ணாடித் தட்டில் ஊட்டி வளர்த்த மனித செல்களுக்குள் பக்கத்து மேசையின் எலி செல் எப்போதோ புகுந்து, மனிதனை அடியோடு ஒழித்துவிட்டதாம்.

போனில் தங்கை சிரித்தாள். "மனுஷனுக்கும் எலிக்கும் வித்தியாசம் தெரியாமலாக்கா இத்தனை வருஷம் குப்பை கொட்டின?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விருதே வேண்டாம் என்று சொல்ல ஆய்வுக்கூட இயக்குநரின் அறைக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வாயத் திறக்காதம்மா. உன்கிட்ட வாங்கின செல்ல வெச்சுத்தான் நானும் இந்த நாற்காலியப் பிடிச்சேன்."

மேசைக்குத் திரும்பியவர், விருது மேடையில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே தட்டிலிருந்த எலிக்குத் தீனி ஊற்றினார்.