ஆறு நாள் வெயில்

புயல் போன நான்காம் நாள் நிவாரண லாரியில் அரிசியோடு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு வந்தது. 2012 ஜனவரி. குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே அந்தத் தெருவில் கூரை மிஞ்சிய வீடு இல்லை. நாற்பது பேர் மாதா கோயில் கூடத்தில் தங்கியிருந்தார்கள். சமையல் மங்கலத்தின் பொறுப்பு.

கிழங்கு மூட்டைகள் நனைந்திருந்தன. நெல் நனைந்தால் செய்வதைச் செய்தாள். பிய்ந்து விழுந்த தகரத்தை நிமிர்த்திப் போட்டுக் கிழங்கைப் பரப்பினாள். காலையும் மாலையும் காலால் துழாவிப் புரட்டினாள்.

ஆறு நாள் நல்ல வெயில். ஏழாம் நாள் அரிசி தீர்ந்தது.

கொழுந்தன் ராஜவேல் கடலூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன். தகரத்தின் முன் வந்து நின்றான். கிழங்கு முழுக்கப் பச்சை பிடித்திருந்தது.

“என்ன அண்ணி, நெல்லுன்னு நெனச்சிட்டீங்களா?”

“காய வைக்கலன்னா அழுவிப்பூடும்.”

“காத்தாட இருட்டுல வைக்கணும். வெயிலு பட்டா வெசம். மாட்டுக்குக்கூட போட மாட்டாங்க.”

“அப்ப நீ சோறு போடு, மொதலாளி.”

“லாரி நாளைக்கு வருதாம்.”

“நேத்தும் அதான் சொன்னாங்க.”

மங்கலம் தோலைக் கனமாகச் சீவினாள். ஒன்றை வேகவைத்து முதலில் தான் தின்றாள். நிழல் சுவரைத் தொடும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மிளகாயைக் கூட்டிப் போட்டு எல்லோருக்கும் பரிமாறினாள்.

“கசக்குதும்மா,” என்றாள் மகள் இசைவாணி. ஆறு வயது.

“முழுங்கு.”

ராஜவேலும் தட்டை நீட்டினான்.

காலையில் பதினோரு பேர் வாந்தி எடுத்தார்கள். மங்கலமும் எடுத்தாள். இசைவாணிக்குக் கண் செருகியது. வேனில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் எதிரே அரிசி லாரி வந்தது.

“நா மொதல்ல தின்னு பாத்தேன்,” என்றாள் மங்கலம் நர்ஸிடம்.

“தின்னுட்டு எவ்ளோ நேரம் பாத்தீங்க?”

“நெழலு செவுத்துக்கு வர்ற வரைக்கும்.”

நர்ஸ் அதைச் சீட்டில் எழுதவில்லை.

மற்றவர்கள் பிழைத்தார்கள். இசைவாணியை மறுநாள் மாலை புதைத்தார்கள்.

கூடத்தில் இப்போது பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் சமைத்தாள். மங்கலத்தின் முன் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“புது அரிசிடி. நா தின்னுட்டேன், ஒன்னும் இல்ல. சாப்புடு.”



“எப்பத் தின்ன?” என்று கேட்டாள் மங்கலம்.